அஞ்சு இஞ்சு வாசப்படி

முன்வாசலுக்குப் போகாதீங்க மேடம், பின்னால வாங்க. சுவத்தை ஒட்டியே வாங்க, ஒரு சாய்தளம் தெரியுது பாருங்க, அதுல ஏறி வாங்க. எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் முதல் வார்த்தை இதுதான். முன்னால ஒரு வாசல் இருக்கு, மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, வெள்ளிக்கிழமை தவறாம பூப் போட்டு. அது சாமிக்கு. எனக்குப் பின்வாசல்.

மேடம்னு கூப்பிட வேணாமா? சரி, அக்கான்னே கூப்பிடுறேன். மதுரையில கட்டடம் கட்டுற படிப்புப் படிக்கிறீங்க, என்னை மாதிரி சக்கர நாற்காலியில இருக்கிறவங்க வீடு எப்படி இருக்குன்னு அளந்து எழுதணும், அவ்வளவுதானே? தாராளமா அளங்க. டேப்போட ஒரு முனையை நானே பிடிக்கிறேன். ஆனா நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், அதை முன்கூட்டியே சொல்லிடுறேன். எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, "பூரணத்துக்குக் கடவுள் காலை எடுத்துக்கிட்டு ரெண்டு வாயைக் குடுத்துட்டான்"னு. பஸ்ஸே சிரிக்கும். மினி பஸ்ல கண்டக்டரா இருக்காரு. எனக்கும் சிரிப்பு வந்துரும்.

இவ என் மக, சங்கரி. மூணரை வயசு. ஏய், அக்கா டேப்பை இழுக்காதடி. அது பாம்பு இல்ல.

என்ன கேட்டீங்க, அந்தத் தொட்டியா? சாய்தளம் முடியுற மூலையில கத்தாழை வச்சிருக்கே, அதுவா? நகட்டணும்னா நகட்டிக்கோங்க, ஆனா அளந்துட்டு இருந்த இடத்துலயே வச்சிருங்க. அவரு வச்சது. "கண்திருஷ்டிக்கு வச்சிருக்கேன், யாரும் அசைக்கக் கூடாது"ன்னு சொல்லிருக்காரு. இப்பவே வேணாம், முதல்ல முன்வாசலை அளந்துட்டு வாங்க.

அளந்தாச்சா? எத்தனை? அஞ்சு இஞ்சு. எனக்குத் தெரியும். அந்த அஞ்சு இஞ்சை நான் டேப்பு இல்லாமலே அளந்தவ. உங்க தாள்ல எழுதுறதுக்குக் கட்டம் இருக்கா? "வாசப்படி அஞ்சு இஞ்சு, வச்சது செந்தட்டிக் கொத்தனார், பூரணத்தோட கூடப்பிறந்த அண்ணன்"னு எழுதுங்க. பேரைப் பெருசா எழுதுங்க. கூடப்பிறந்தவன் செஞ்சதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.

உக்காருங்கக்கா, முதல்ல இருந்து சொல்றேன்.

நான் பத்தாவது பரீட்சை எழுதின கையோட நூல் மில்லுக்குப் போனேன். மூணாவது மாசம் மில்லு வேன் கவுந்துச்சு. எனக்கு முதுகெலும்பு. எட்டு மாசம் ஒரு ஆசுபத்திரியில கிடந்தேன். நடக்க வச்சிருவாங்கன்னு நினைச்சேன். அவங்க உருளத்தான் சொல்லிக் குடுத்தாங்க. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. வண்டி திரும்ப அஞ்சடி வட்டம் வேணும். கதவு மூணு அடிக்குக் குறையக் கூடாது. ஒரு இஞ்சு ஏறணும்னா ஒரு அடி நீளத்துக்குச் சாய்க்கணும். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். நீங்க காலேஜுல படிக்கிறதும் இதேதானா? பாத்தீங்களா, நானும் பாதி இஞ்சினியருதான்.

அப்புறம் டவுன்ல தையல் வேலை. தினமும் மினி பஸ்ல போவேன். என் வண்டியை மடிச்சு ஏத்தி, இறக்கி, மூணு வருசம் செஞ்சாரு இவரு. ஒரு நாள் டிக்கெட்டைக் கையில குடுத்துட்டு, "பூரணம், நான் உன்னைக் கட்டிக்கட்டுமா?"ன்னாரு. நான் மீதிச் சில்லறையைக் கேக்க மறந்துட்டேன். என்னைக் கட்டினதுக்கே அவருக்குக் கோயில் கட்டணும்னு ஊரே சொல்லுச்சு. நானும் அதைத்தான் சொல்றேன்.

இந்த வீடு எங்கப்பா குடுத்த நாலு சென்ட்டுல நிக்குது. அண்ணனுக்கும் அதுல பங்கு உண்டு. "பாப்பாவே எடுத்துக்கட்டும், எனக்கு மேல கூரை இருக்கு"ன்னு விட்டுக் குடுத்துட்டான். அப்படிப்பட்டவன்தான். அதனாலதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

வீட்டுக்கு வரைபடம் நான் போட்டேன். காகிதத்துல இல்ல, தரையில. மூணு படி கோலமாவு வாங்கிட்டு வந்து, மண்ணுல ரூம் ரூமா கோடு போட்டேன். நான் வண்டியில உருண்டுக்கிட்டே மாவை விடுவேன், அண்ணன் பின்னாலயே வந்து முளைக்குச்சி அடிப்பான். அடுப்படிக்குள்ள போய்த் திரும்பிப் பாப்பேன். சக்கரம் கோட்டை அழிச்சுதுன்னா அண்ணன் சுவத்தைத் தள்ளி வைப்பான். "சுவரு சின்னப்புள்ள மாதிரி தாயி, சொன்னா நகரும்"பான். ரோட்டுல போறவங்க நின்னு சிரிப்பாங்க. "என்ன கொத்தனாரே, கோலத்துக்கா அஸ்திவாரம் போடுதீரு?" அண்ணன் நிமிரவே மாட்டான்.

வாசல்லதான் சண்டை. நான் சொல்லிட்டேன், கதவு நிலைக்குக் கீழ்க்கட்டை வேணாம், மூணு பக்கம் போதும், தரை தரையாவே உள்ள வரணும்னு. எங்க வீட்டுக்காரரோட அக்கா வந்திருந்தாங்க. இடுப்புல கை வச்சாங்க. "வாசப்படி இல்லாத வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் என்னடி வித்தியாசம்? லட்சுமி எங்க நிப்பா?"

நான் சும்மா இருப்பேனா? "மாட்டுக் கொட்டகையிலதான் மதினி லட்சுமியே கட்டிக் கிடக்கா. அவ வாசப்படி கேட்டாளா?"

அண்ணன் கரண்டியைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சான். இவரு சிரிக்கல. அக்கா மேல அவருக்கு மரியாதை. அன்னைக்கு ராத்திரிச் சோறு வேணாம்னுட்டாரு. பஸ்ல யாரோ கேட்டாங்களாம், "என்னப்பா, பொண்டாட்டிக்காக வீட்டையும் நொண்டியாக் கட்டுதியாமே?"ன்னு. அதைச் சொல்லும்போது அவரு கண்ணு கலங்குச்சுக்கா. ரொம்ப மென்மையான மனுசன். ஆனா காலையில அவரே, "சரி, உன் இஷ்டம்"னுட்டாரு. நான் அளவை ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தேன். "அகலம் மூணேகால் அடி, கீழ்க்கட்டை கிடையாது." அவருதான் அதைச் சட்டைப் பையில வச்சு ஆசாரி பட்டறையில குடுத்துட்டு வந்தாரு.

நிலை வைக்க நாள் குறிச்சாச்சு. அந்த வாரம் பாத்து சங்கரிக்கு அம்மை போட்டுருச்சு. நான் பிள்ளையோட எங்கம்மா வீட்டுல இருந்தேன். அம்மை கண்ட வீட்டுல இருந்து யாரும் சுபகாரியத்துக்கு வரக் கூடாது. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் படி தாண்டக் கூடாது. வேப்பிலையை விசிறிக்கிட்டே நான் கடிகாரத்தைப் பாக்குறேன், ஏழரை, எட்டு, இந்நேரம் நிலையைத் தூக்கியிருப்பாங்கன்னு.

எட்டேகாலுக்கு இவரு போன்ல இருந்து ஒரு படம் வந்துச்சு. நிலைக்கு மாலை போட்டு, மாவிலை கட்டி, என்ன அழகு! கீழ்ப்பக்கம் மட்டும் படத்துல விழல. யாரோ எடுத்து அவருக்கு அனுப்பி, அவரு எனக்கு அனுப்பியிருக்காரு. ஏன்னா அவரு அன்னைக்கு டூட்டியில இருந்தாரே. அவரே சொன்னாரு.

பன்னிரண்டாம் நாள் இவரோடயும் பிள்ளையோடயும் ஆட்டோவுல வந்து இறங்குறேன். முன்னால சாய்தளம் போட்டு முடிச்சிருந்தான் அண்ணன். பதினெட்டு அடி. ஈரத்துலயே தென்னங்குச்சி விளக்குமாத்தால குறுக்கக் குறுக்கக் கோடு இழுத்திருந்தான், மழை பெஞ்சாலும் சக்கரம் வழுக்காது. ஓரத்துல அவன் கட்டைவிரல் பதிஞ்சிருக்கு. எந்த வேலை முடிச்சாலும் ஒரு மூலையில விரலை அமுக்கிட்டுத்தான் எந்திரிப்பான். மூணாப்புப் படிச்சவன். "என் கையெழுத்து இதான் தாயி"ம்பான். சின்னதுல செங்கல் சூளையில பாதி விரல் நசுங்கிப் போச்சு, அதனால நகமில்லாத மொட்டை விரலு, பாதிச் சுழி. வேற யாருக்கும் வராது அது.

பிள்ளையை மடியில வச்சு ஏறுறேன். வெண்ணெயில ஏறுற மாதிரி இருக்கு. சிரிச்சுக்கிட்டே ஏறுறேன். மேல வந்ததும், டக். முன்சக்கரம் நின்னுருச்சு.

கல்லுன்னு நினைச்சேன். குனிஞ்சு பாத்தா கட்டை. அஞ்சு இஞ்சு உசரத்துக்கு, மஞ்சளும் குங்குமமுமா.

அண்ணன் உள்ள பூச்சு வேலையில இருந்தான். "ஏண்ணே?"ன்னேன். வேற எதுவும் கேக்கல. அவன் என்னைப் பாத்தான். என் பின்னால நின்ன இவரைப் பாத்தான். இவரு பாவம், அதிர்ச்சியில மேல ஓடற கரண்டுக் கம்பியைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அண்ணன் கரண்டியைச் சட்டியில சுரண்டினான், சுரண்டினான், அப்புறம் சொன்னான்: "நிலையைத் தூக்கி வச்சது நான்தான் தாயி. வாசப்படி இல்லாம எப்படி."

அவ்வளவுதான். மன்னிப்புக்கூட இல்ல.

கோலமாவுல கோடு போட்டப்ப கூடவே வந்தவன்! நான் இல்லாத நேரமாப் பாத்து செஞ்சுட்டான். ஆசாரிகிட்டயும் அவன்தான் போய், கீழ்க்கட்டை சேத்துச் செய்யுங்கன்னு மாத்திச் சொல்லிட்டானாம். இவரு சொன்னாரு. இன்னும் கேளுங்க, நிலைக்கு அடியில நவதானியத்தோட ஒரு பொட்டுத் தங்கம் போடணும்ல? எங்க பீரோவுல சங்கரியோட ஒடைஞ்ச கம்மல் ஒண்ணு வச்சிருந்தேன், அதைப் போட்டிருக்காங்க. அதை எப்படி அண்ணன் எடுத்தான்? பீரோ சாவி இவரு அரைஞாண் கயித்துலதான் கிடக்கும், குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டாரு. அதுல இருந்து எடுத்திருக்கான்னா பாத்துக்கோங்க! எப்படி எடுத்தான்னு இன்னை வரைக்கும் எனக்குப் புரியல.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? டீ ஆறுது, குடிங்க.

பால் காய்ச்சினோம். அன்னைல இருந்து நான் கைதி. பின்னால அப்ப நாலு படிதான், இந்தச் சாய்தளம் இல்ல. முன்னால யாராச்சும் வந்து வண்டியைத் தூக்கி விடணும். இவரு காலையில டூட்டிக்குப் போகும்போது என்னை வெளிய தூக்கி வச்சாருன்னா வெளிய, உள்ள விட்டாருன்னா உள்ள. "இப்ப என்ன, நான் இல்லையா தூக்க?"ம்பாரு. அது வாஸ்தவம்தான். ஆனா அவரு வர ராத்திரி ஒன்பது ஆகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி. நான் அடுப்படியில. சங்கரிக்கு ரெண்டு வயசு நடக்குது. கதவு சாத்தியிருக்குன்னு நினைச்சேன். பூனை பின்னாலயே போயிருக்கா. நான் ஹாலுக்கு வந்து பாத்தா வாசலுக்கு நேரா, ரோட்டு நடுவுல உக்காந்து மண்ணள்ளுறா. வளைவுல தண்ணி லாரி ஆரன் கேக்குது.

நான் வண்டியை விட்டேன் பாருங்க. டக். பின்னால எடுத்து இன்னொரு தடவை விட்டேன். டக். அவளைக் கூப்பிட்டா என்னைப் பாத்துச் சிரிக்கிறா. பதினெட்டு அடி, அக்கா. வாசல்ல இருந்து அந்தச் சாய்தளத்துல கையை விட்டாலே வண்டி தானா உருண்டு போயிருக்கும். நான் வண்டியில இருந்து என்னைத் தூக்கிக் கீழ போட்டுட்டேன். கட்டை மேல வயித்தை இழுத்து, முழங்கையால, தரதரன்னு. பாதி தூரம் போறதுக்குள்ள லாரி நின்னுருச்சு. டிரைவரு பிள்ளையைத் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்கார வச்சாரு. "ஏம்மா, வீட்டுல ஆளில்லையா?"ன்னாரு.

ஆளு நான்தானே.

இவரு ராத்திரி வந்து கத்தினாரு, கதவை ஏன் பூட்டலன்னு. பிள்ளை மேல உள்ள பாசம், அதான் கோவம். மறுநாள்ல இருந்து வெளியே பூட்டிட்டுப் போனாரு.

விஷயம் அண்ணன் காதுக்குப் போயிருக்கு. ரெண்டாம் நாள் மரம் அறுக்கிற மெஷினோட வந்து ஜன்னல்ல நிக்கிறான். "தாயி, அந்தக் கட்டையை அறுத்து எடுத்துருதேன். அரைமணி வேலை. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரியுது. வச்சதும் இவன், அறுக்க வர்றதும் இவன். அதோட, வச்ச நிலையை அறுத்தா வீட்டு ஆம்பளைக்கு ஆகாதுன்னு இவரு எத்தனை தடவை சொல்லியிருக்காரு! ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினேன். "வாசலைத்தான் அடைச்ச, இப்ப என் தாலியையும் அறுக்க வந்தியா? எனக்கு அண்ணன் செத்துட்டான். இந்த மண்ணை மிதிக்காதே!"

அவன் மெஷினோட ஒயரைச் சுத்தினான், நிதானமா, முழங்கைக்கும் உள்ளங்கைக்கும். சுத்தி முடிச்சிட்டுப் போயிட்டான். ஒன்றரை வருசம் ஆச்சு. பொங்கலுக்குச் சீர் எங்கம்மா மூலமா வரும். நான் தொட மாட்டேன்.

நான் கட்டை மேல இழுத்துக்கிட்டுப் போனேன்ல, தொடையில தோல் உரிஞ்சிருக்கு. எனக்குத்தான் உணர்ச்சி கிடையாதே. சீழ் வச்சு வாடை வந்த பிறகுதான் தெரிஞ்சுது. பதினஞ்சு நாள் ஆசுபத்திரி. இவருதான் வந்து வந்து போனாரு. திரும்பி வந்து பாக்கேன், அக்கா, பின்னால இந்தச் சாய்தளம்! நாலு படியையும் இடிச்சுட்டு, சுவரோரமா பதினெட்டு அடி, வாசல்ல கட்டை இல்லாம. "யாருங்க போட்டா?"ன்னேன். இவரு சிரிச்சுக்கிட்டே, "யாரு போடுவா? உனக்கு நான்தான் இருக்கேன்"னாரு. நான் அழுதுட்டேன். டிக்கெட் கிழிக்கிற கை, அதுக்குச் சிமெண்ட்டுப் பழக்கமே கிடையாது. அப்படியும் எப்படிப் போட்டிருக்காரு பாருங்க, அந்தக் கோடுகூட இழுத்திருக்காரு, அண்ணன் இழுத்த மாதிரியே. பாத்துக் கத்துக்கிட்டாரு போல.

கூடப்பிறந்தவன் அடைச்சான், வந்தவரு திறந்து விட்டாரு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். அதையும் எழுதிக்கோங்க.

சரி, இப்ப கீழ் முனையை அளங்க. தொட்டியை நகட்டிக்கோங்க. கனமா இருக்கும். சங்கரி, தள்ளி நில்லுடி.

எத்தனை அடி? அக்கா? என்ன, குனிஞ்சு பாத்துக்கிட்டே இருக்கீங்க? பூரானா?

ஓரத்துலயா?

என்ன பதிஞ்சிருக்கு?

நில்லுங்க. நான் வர்றேன். இல்ல, பிடிக்க வேணாம், இது எனக்கு நல்லா இறங்கும்.

...

சங்கரி, உன் விரலை அதுல வைக்காத. கொஞ்சம் தள்ளிக்கோ. அம்மா பாக்கணும்.

மொட்டையா இருக்கு. பாதிச் சுழி.

நான் இந்தப் பக்கமா தினமும் போறேன், வர்றேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட இதுலதான் இறங்குறேன்.

மண்ணை மிதிக்காதேன்னு சொன்னேன்ல. நான் இல்லாத பதினஞ்சு நாள் பாத்து வந்துட்டுப் போயிருக்கான்.

இல்லக்கா, தண்ணி வேணாம். ஒண்ணும் இல்ல. நான் எப்பவும் சிரிச்சுக்கிட்டு இருக்கிறவ, ஒரு நிமிசம் சிரிக்கலைன்னா பாக்கிறவங்களுக்குப் பயமாத்தான் இருக்கும்.

உங்க தாளை எடுங்க. அந்த முன்வாசல் கட்டம். அண்ணன் பேரு பெருசா எழுதச் சொன்னேன்ல, அதை அடிச்சிருங்க. நல்லா அடிங்க, எழுத்து தெரியக் கூடாது. வேற பேரா? வேணாம். இப்போதைக்கு அந்த இடத்தைக் காலியா விடுங்க. இந்தப் பின்பக்கத்துக்கு எழுதுங்க. சாய்தளம் பதினெட்டு அடி, வாசல்ல கட்டை கிடையாது. போட்டது செந்தட்டிக் கொத்தனார். கூடப்பிறந்த அண்ணன்.

தொட்டியா? திரும்ப அங்க வைக்க வேணாம். சுவரோரமா ஒதுக்கிருங்க.

மணி ஒண்ணாகப் போகுதா? இப்பல்லாம் செவ்வாய்க்கிழமை மட்டும் அவரு மத்தியானம் சாப்பிட வருவாரு. விசில் கேக்குது, மினி பஸ்ஸு வளைவுல திரும்பிருச்சு. நீங்க கிளம்புங்கக்கா, மதுரை பஸ்ஸு அரைமணிக்கு ஒண்ணு. இப்படியே பின்பக்கமாப் போங்க. நான் வழியனுப்ப வரல, கோவிச்சுக்காதீங்க. நான் முன்வாசலுக்குப் போறேன். சக்கரம் கட்டையில முட்டுற இடம் வரைக்கும் போயி உள்பக்கமா நிக்கப் போறேன். அவரு அந்தப் பக்கம் நிக்கட்டும்.

சண்டை போட மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும், நிலை வச்ச அன்னைக்கு பீரோ சாவி எங்க இருந்துச்சுன்னு.